டப்ளினிலிருந்து ஒரு நாளில் போய்த் திரும்ப: அயர்லாந்து நாட்டுப்புறப் பயணங்களுக்கு ஒரு வழிகாட்டி

நவம்பர் மாத ஞாயிறு ஒன்றில், மாலை ஐந்தரை மணிக்கு, கிளென்டலாக் பள்ளத்தாக்கின் பேருந்து நிறுத்தத்தில் நான் நின்றுகொண்டிருந்தேன். கைப்பேசியில் ஒன்பது சதவீதம் சார்ஜ் இருந்தது. சுற்றிலும் கும்மிருட்டு. டப்ளினுக்குத் திரும்பும் கடைசிப் பேருந்து, நான் மலையிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தபோதே புறப்பட்டுப் போய்விட்டது. நான் நம்பி வந்த கால அட்டவணை, ஜூலையில் நானே படம்பிடித்து வைத்திருந்த கோடைக்கால அட்டவணை. அருகிலிருந்த விடுதியின் வரவேற்பாளர் இரக்கப்பட்டு ஒரு டாக்ஸியை வரவழைத்துத் தந்தார். பிரே நகரம் வரை அறுபது யூரோவுக்கு மேல் கொடுத்து, அங்கிருந்து ரயில் பிடித்து, இரவு ஒன்பது மணிக்கு வீடு சேர்ந்தேன்.

வேலைக்கோ படிப்புக்கோ டப்ளினுக்குப் புதிதாக வந்தவர்களும், ஊரிலிருந்து பெற்றோரை வரவழைத்து நாலு இடம் காட்ட நினைப்பவர்களும் இந்தத் தண்டச்செலவைத் தவிர்க்க வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன். கட்டணங்களை ஏறத்தாழவே தந்திருக்கிறேன். புறப்படும் முன் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

1. விசாவை முதலில் சரிபாருங்கள்

நாட்டுப்புறத்தைச் சுற்றிப் பார்ப்பதற்கு ஆவணம் எதற்கு என்று தோன்றலாம். டப்ளினில் விற்கப்படும் ஒருநாள் சுற்றுலாக்களில் மிகப் பெயர்பெற்றவற்றுள் ஒன்று ஜயண்ட்ஸ் காஸ்வே என்னும் எரிமலைப் பாறைத் தூண்களுக்குச் செல்வது. ஏறத்தாழ 40,000 தூண்கள் கடலுக்குள் படிக்கட்டுப்போல் இறங்கும் அந்த இடம் வட அயர்லாந்தில் இருக்கிறது. வட அயர்லாந்து பிரிட்டனின் ஒரு பகுதி. எல்லையில் சோதனைச் சாவடி கிடையாது, முத்திரை குத்துவதும் கிடையாது; சாலையோரப் பலகைகளில் வேக வரம்பு கிலோமீட்டரிலிருந்து மைலுக்கு மாறும், அவ்வளவுதான். அதனால் போகலாம் என்று பொருளாகிவிடாது. இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள் அங்கே கால்வைக்கப் பிரிட்டன் விசா பெற்றிருக்க வேண்டும். வழியில் பேருந்தை நிறுத்திச் சோதிப்பதும் உண்டு. பயணச்சீட்டு விற்பவர்கள் பெரும்பாலும் இதைக் கேட்கமாட்டார்கள், பொறுப்பு உங்களுடையது.

புதியவர்கள் அதிகம் தடுமாறும் இடம் இதுதான் என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். அயர்லாந்தில் வேலை அனுமதியிலோ மாணவர் அனுமதியிலோ வாழ்பவருக்கு ஐ.ஆர்.பி. என்னும் பதிவு அட்டை இருக்கும். இங்கு வந்து 90 நாட்களுக்குள் பதிவு செய்து, 300 யூரோ செலுத்திப் பெறும் அந்த அட்டை அயர்லாந்துக் குடியரசுக்குள் மட்டுமே செல்லும். அதைக் காட்டி வட அயர்லாந்தின் தலைநகரான பெல்ஃபாஸ்ட் போக முடியாது. இதற்கு மாறாக, இந்தியாவில் விண்ணப்பித்துக் குறுகிய கால விசாவில் வரும் உங்கள் பெற்றோரின் கடவுச்சீட்டில் உள்ள விசா ஒட்டியில் பிரிட்டனும் அயர்லாந்தும் சேர்ந்து நடத்தும் விசாத் திட்டத்தைக் குறிக்கும் ‘பி.ஐ.வி.எஸ்.’ (BIVS) என்ற எழுத்துகள் இருந்தால், அவர்கள் தனியாகப் பிரிட்டன் விசா வாங்காமலே வட அயர்லாந்து சென்று வரலாம். எந்த நாடு அந்த விசாவைக் கொடுத்ததோ அந்த நாட்டுக்குள் முதலில் நுழைந்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை. ஆக, இங்கேயே வரி கட்டி வாழும் மகன் போக முடியாத இடத்துக்கு, பார்வையாளராக வந்த அப்பாவும் அம்மாவும் போகலாம். விநோதமாக இருந்தாலும் நடைமுறை இதுதான். இலங்கைக் கடவுச்சீட்டுக்கு இந்தத் திட்டம் பொருந்தாது. சிங்கப்பூர், மலேசியக் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்கு அயர்லாந்து விசா வேண்டியதில்லை. ஆனால் அவர்கள் அயர்லாந்தில் வசிப்பவர்களாக இல்லாமல் பார்வையாளர்களாக வந்திருந்தால், வட அயர்லாந்துக்குப் பிரிட்டனின் மின்னணுப் பயண அனுமதியை முன்கூட்டியே இணையத்தில் பெற்றுக்கொள்ள வேண்டும்.

பெற்றோருக்கான அயர்லாந்துக் குறுகிய கால விசாவுக்கு ஒருமுறை நுழைவு என்றால் 60 யூரோ, பலமுறை நுழைவு என்றால் 100 யூரோ கட்டணம். விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம் தனி. பயணத் தேதிக்கு மூன்று மாதங்கள் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். குறைந்தது எட்டு வாரங்களாவது கையில் வைத்துக்கொள்ளுங்கள். கோடைக்காலத்தில் இன்னும் கூடுதலாக. ஐரோப்பாவில் வேறு நாட்டில் இருக்கும் உறவினர்கள் ஷெங்கன் விசாவை வைத்துக்கொண்டு இங்கு வர முடியாது என்பதையும் சொல்லி வையுங்கள். அயர்லாந்து அந்த ஏற்பாட்டில் இல்லை.

எந்தப் பயணத்திலும் ஐ.ஆர்.பி. அட்டையையோ கடவுச்சீட்டையோ கூடவே எடுத்துச் செல்லுங்கள்.

2. பகல் வெளிச்சத்தைக் கணக்கிட்டு நாளைத் தேர்ந்தெடுங்கள்

நம் ஊரில் ஆண்டு முழுவதும் ஏறக்குறைய ஆறு மணிக்கு விடிந்து ஆறு மணிக்கு இருட்டும். அந்தப் பழக்கத்தில் வளர்ந்த மனத்துக்கு இந்த நாட்டின் வெளிச்சம் பிடிபடச் சில மாதங்கள் ஆகும். டப்ளினில் டிசம்பர் மூன்றாம் வாரத்தில் காலை 8.40 மணியளவில் விடிந்து, மாலை 4.10-க்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும். ஜூன் மூன்றாம் வாரத்திலோ காலை ஐந்து மணிக்கு விடிந்து, இரவு பத்து மணி வரை வெளிச்சம் இருக்கும். மேற்குக் கரையில் இரண்டும் சில நிமிடங்கள் பிந்தும். அக்டோபர் மாதக் கடைசி ஞாயிறன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னோக்கித் திருப்புவார்கள்; அதற்கு அடுத்த வாரமே மாலை ஐந்து மணிக்கு இருட்டு வந்துவிடும். நான் மாட்டிக்கொண்டது சரியாக அந்தப் பருவத்தில்தான்.

ஏப்ரல் கடைசியிலிருந்து ஜூன் நடுப்பகுதி வரையும், செப்டம்பர் மாதமும் சிறந்தவை என்பது என் கருத்து. ஜூலையிலும் ஆகஸ்டிலும் கூட்டமும் விலையும் உச்சத்தில் இருக்கும். நவம்பர் முதல் பிப்ரவரி வரை ஒருநாள் பயணம் போகவே கூடாது என்பதில்லை. ஆனால் காலை எட்டு மணிக்கே டப்ளினை விட்டுக் கிளம்பிவிட வேண்டும்.

கிழமையும் முக்கியம். வார நாட்கள், சனி, ஞாயிறு என்று மூன்று விதமான அட்டவணைகள் நடைமுறையில் இருக்கும். பொது விடுமுறையான திங்கட்கிழமைகளில் பெரும்பாலும் ஞாயிறு அட்டவணைதான். டிசம்பர் 25 அன்று பொதுப் போக்குவரத்தே இருக்காது. புறப்படுவதற்கு முந்தைய நாள் இரவு, சரியான தேதியைக் கொடுத்து அட்டவணையைப் புதிதாகப் பாருங்கள். திரும்பி வரும் கடைசிப் பேருந்தின் நேரத்தை முதலில் எழுதிக்கொண்டு, அதற்கு முந்தைய பேருந்தில் திரும்புவதாகத் திட்டமிட்டு, அங்கிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டு நடைக்கும் சாப்பாட்டுக்கும் நேரம் ஒதுக்குங்கள். திரும்பும் பேருந்து ஒன்றே ஒன்றுதான் என்றால், புறப்பாட்டுக்கு முக்கால் மணி நேரம் முன்பே நிறுத்தத்தின் அருகில் இருங்கள்.

3. முதல் பயணத்தை ஹோத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்

எடுத்த எடுப்பிலேயே மேற்குக் கரைக்குப் பாயாதீர்கள். டப்ளின் நகரின் டார்ட் ரயிலில் அரை மணி நேரத்தில் ஹோத் என்னும் மீன்பிடித் துறைமுகம் வந்துவிடும். இங்குள்ள குன்றைச் சுற்றிக் கடலோர முகட்டின் மேலாகச் செல்லும் பாதையில், பச்சை அம்புக்குறிகளைப் பின்பற்றினால் ஏறத்தாழ ஆறு கிலோமீட்டர். நின்று நின்று பார்த்தாலும் இரண்டரை மணி நேரத்தில் முடிந்துவிடும். ஒரு பக்கம் ஊசிமுட்செடிகளின் மஞ்சள் பூக்கள், மறுபக்கம் நேரே கீழே கடல், தூரத்தில் பெய்லி கலங்கரை விளக்கம். ரயில்கள் அடிக்கடி இருப்பதால் ஒன்றைத் தவறவிட்டாலும் பதற்றமில்லை.

முதலில் லீப் கார்டு வாங்கிக்கொள்ளுங்கள். மூலைக்கடைகளில் கிடைக்கும் இந்த அட்டையில் பணம் ஏற்றிப் பயன்படுத்தினால், தனிச்சீட்டு வாங்குவதைவிடக் கட்டணம் தெளிவாகவே குறையும். மாணவர்களும் 19 முதல் 25 வயது வரை உள்ளவர்களும் தங்களுக்கான தனி அட்டையை விண்ணப்பித்துப் பெற்றால் பெரும்பாலான பயணங்கள் பாதிக் கட்டணத்தில் முடியும். நான் இதை ஓராண்டு தள்ளிப்போட்டேன். இழந்த தொகையை இப்போது கணக்கிட்டுப் பார்க்கவும் மனமில்லை. ஹோத் போய்வர ரயிலுக்குச் சில யூரோக்களே ஆகும்.

இங்கு ஒரே ஒரு பொறி உண்டு. வடக்கே செல்லும் பாதை ஹோத் ஜங்ஷனில் இரண்டாகப் பிரிகிறது: ஒன்று ஹோத்துக்கு, மற்றொன்று மாலஹைடுக்கு. நடைமேடைப் பலகையில் ரயில் சேரும் இடத்தைப் படித்துவிட்டு ஏறுங்கள். தெற்கே பிரேயிலிருந்து கிரேஸ்டோன்ஸ் வரையிலான கடலோர நடையைப் பலரும் பரிந்துரைப்பார்கள். பாறைச் சரிவு காரணமாக அந்தப் பாதையின் ஒரு பகுதி 2021 முதல் மூடப்பட்டது. முழுவதும் நடக்கலாம் என்று நம்பிப் போகாமல், உள்ளாட்சி அறிவிப்பைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

4. கிளென்டலாக்: நேரத்தை நிமிடக் கணக்கில் பிரியுங்கள்

விக்லோ மலைகளுக்கு நடுவே இரண்டு ஏரிகள், முப்பது மீட்டர் உயரக் கல்கோபுரம், பழைய மடத்தின் இடிபாடுகள், அவற்றுக்கு மேலே செங்குத்தான மலைமுகடு என்று ஒரே பள்ளத்தாக்கில் எல்லாம் இருப்பதால், ஒரே ஓர் இடத்துக்குத்தான் போக முடியும் என்பவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன். பள்ளத்தாக்குக்கும் மடத்து இடிபாடுகளுக்கும் நுழைவுக் கட்டணம் இல்லை.

டப்ளின் நகர மையத்திலிருந்து தனியார் பேருந்து ஒன்று செல்கிறது. நாளொன்றுக்கு மிகச் சில சேவைகளே. பயண நேரம் ஏறத்தாழ ஒன்றரை மணி. போய்வர இருபது யூரோவை ஒட்டி ஆகும். அருகிலுள்ள ரயில் நிலையம் ராத்ட்ரம். அங்கிருந்து பள்ளத்தாக்கு பத்துக் கிலோமீட்டருக்கு மேல் என்பதால், டாக்ஸியை முன்கூட்டியே பேசி வைக்காமல் அந்த வழியைத் தேர்ந்தெடுக்காதீர்கள். காரில் வருபவர்கள், வெயில் அடிக்கும் ஞாயிறுகளில் காலை பத்தரைக்கெல்லாம் வாகன நிறுத்துமிடம் நிரம்பிவிடும் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

நடைப்பாதைகளுக்கு வண்ணம் கொடுத்திருக்கிறார்கள். பெற்றோருடனோ குழந்தைகளுடனோ வந்திருந்தால், இரண்டு ஏரிகளையும் இணைக்கும் பச்சைச் சாலை எனப்படும் சமதளப் பாதை போதும். மூன்று கிலோமீட்டர், ஒரு மணி நேரம். மேல் ஏரியின் கரையில் மரமேசைகள் இருக்கின்றன, கட்டுச்சோற்றைப் பிரிக்க அதைவிட நல்ல இடம் கிடையாது.

கால்வலு உள்ளவர்களுக்கு வெள்ளை அம்புக்குறிப் பாதை: ஸ்பிங்க் முகட்டில் ஏறிப் பள்ளத்தாக்கைச் சுற்றி வரும் ஒன்பது கிலோமீட்டர், மூன்றரை மணி நேரம். போலனாஸ் அருவியின் பக்கமாக ஏறினால் அறுநூற்றுக்கும் மேற்பட்ட படிகள் வரும். படிகளும் முகட்டுப் பாதையும் பழைய ரயில் ஸ்லீப்பர் கட்டைகளால் ஆனவை. ஈரத்தில் வழுக்காமலிருக்க அவற்றின் மேல் கம்பிவலை அடித்திருக்கிறார்கள்; வலை தேய்ந்த கட்டைகளில் சோப்பு பூசியதுபோல் கால் சறுக்கும். ஏறும்போது வியர்த்து மேற்சட்டையைக் கழற்றத் தோன்றும், முகட்டுக்கு வந்த மறுநிமிடமே காற்று வந்து அறையும். மேலிருந்து பார்த்தால் மேல் ஏரி, கறுப்புக் கண்ணாடியை நீளவாக்கில் வெட்டிப் போட்டதுபோல் கிடக்கும். முகட்டின் மறுமுனையில் இறங்கினால், பழைய ஈயச் சுரங்கத் தொழிலாளர் குடியிருப்பின் சிதைவுகளைக் கடந்து ஏரிக்கரைக்கு வந்துசேரலாம். இந்தத் திசையில் நடப்பதே நல்லது; அந்தப் படிகளில் இறங்குவது முழங்காலுக்கு ஆகாது.

பேருந்து வந்திறங்கி, கழிப்பறைக்குப் போய்விட்டு நடக்கத் தொடங்கவே இருபது நிமிடம் போய்விடும். அத்துடன் மேல் ஏரி வரை அரை மணி, சுற்றுப்பாதை மூன்றரை மணி, நிறுத்தத்துக்குத் திரும்ப அரை மணி என்று சேர்த்தால் ஏறக்குறைய ஐந்து மணி நேரம் வேண்டும். வந்த பேருந்துக்கும் திரும்பும் பேருந்துக்கும் இடையே அவ்வளவு நேரம் இல்லையென்றால் வெள்ளைப் பாதையில் ஏறாதீர்கள். நான் ஏறினேன், அதன் விலையைத்தான் தொடக்கத்திலேயே சொல்லிவிட்டேன்.

5. நியூகிரேஞ்சுக்கு முன்பதிவு இல்லாமல் கிளம்பாதீர்கள்

பாய்ன் ஆற்றுப் பள்ளத்தாக்கிலுள்ள நியூகிரேஞ்ச் கல்லறை மேடு, டப்ளினிலிருந்து ஐம்பது கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. நேரடியாக மேட்டுக்குப் போய் நுழைவுச்சீட்டு வாங்க முடியாது. ஆற்றின் தென்கரையில் டோனோர் கிராமத்துக்கு அருகிலுள்ள பார்வையாளர் மையத்துக்குச் சென்று, நடைபாலத்தைக் கடந்து, அங்கிருந்து அவர்களுடைய சிற்றுந்தில்தான் போக வேண்டும். கைப்பேசி வரைபடத்தில் வெறுமனே ‘நியூகிரேஞ்ச்’ என்று இட்டால், அது உங்களை ஆற்றின் வடகரையிலுள்ள மேட்டு வாசலுக்கே கொண்டுபோய் நிறுத்தும். அங்கே உள்ளே விடமாட்டார்கள். மையத்துக்குச் சுற்றிக்கொண்டு வருவதற்குள் உங்கள் முன்பதிவு நேரம் கடந்திருக்கும். புரூ ந போயின் (Brú na Bóinne) பார்வையாளர் மையம் என்றே தேடுங்கள்.

சீட்டுகள் குறிப்பிட்ட நேரத்துக்கு உரியவை. ஏறத்தாழ பத்து யூரோவிலிருந்து தொடங்கும். கோடை வார இறுதிகளில் சில வாரங்கள் முன்பே தீர்ந்துவிடும். மையம், பயணம், பார்வை எல்லாவற்றுக்கும் மூன்று மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே செல்லும் பாதை 19 மீட்டர் நீளம், சில இடங்களில் பக்கவாட்டில் திரும்பிக் குனிந்துதான் நகர முடியும். இடுக்கில் மூச்சு முட்டுபவர்கள் வெளியிலேயே நின்றுகொள்வது நல்லது. உள்ளே பையும் கூடாது, படம் எடுக்கவும் கூடாது.

கார் இல்லையென்றால் டப்ளின் கானலி நிலையத்திலிருந்து ட்ராஹடா வரை ரயில், அங்கிருந்து டாக்ஸி. மூன்று பேர் சேர்ந்து போனால் டாக்ஸிச் செலவு உறுத்தாது. திரும்புவதற்கும் அதே ஓட்டுநரிடம் நேரம் சொல்லி எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். பாரம்பரிய இடங்களை அதிகம் பார்க்கப்போகிறவர்கள், அரசின் ஹெரிட்டேஜ் கார்டு என்னும் ஆண்டு அட்டையை எடுத்துவிடுவது லாபம்.

6. மேற்குக் கரையை ஒரே நாளில் பார்ப்பதா?

மோஹர் பாறை முகடுகளை டப்ளினிலிருந்து ஒரே நாளில் பார்த்துத் திரும்பும் சுற்றுலாப் பேருந்துகள் ஏராளம். காலை ஏழு மணியளவில் கிளம்பி, இரவு ஏழு அல்லது எட்டு மணிக்குத் திரும்பும். ஒருவருக்கு அறுபது முதல் தொண்ணூறு யூரோ. ஆவண, வாகனத் தொல்லை இல்லை, நுழைவுக் கட்டணமும் பெரும்பாலும் அதிலேயே அடங்கும். ஆனால் போக வர ஏழு மணி நேரம் இருக்கையிலேயே கழியும்; முகட்டில் கிடைப்பது ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம். அந்த நேரத்தில் பனிமூட்டம் இறங்கியிருந்தால், 214 மீட்டர் உயர முகட்டின் மேல் நின்றுகொண்டு வெள்ளைத் திரையை மட்டும் பார்த்துவிட்டு வருவீர்கள். என் முதல் பயணம் அப்படித்தான் ஆனது, பணம் திரும்பாது.

ஆகவே என் யோசனை, கால்வே நகரில் ஓர் இரவு தங்குவது. டப்ளின் ஹியூஸ்டன் நிலையத்திலிருந்து இரண்டரை மணி நேர ரயில் பயணம். சீட்டை முன்கூட்டியே இணையத்தில் எடுத்தால், நிலையத்தில் வாங்குவதைவிடக் குறைவு. டப்ளினில் இரண்டு பெரிய நிலையங்கள் உண்டு என்பதை மறக்காதீர்கள்: கால்வே, கார்க், கெர்ரி திசை ரயில்கள் ஹியூஸ்டனிலிருந்தும், ஸ்லைகோ, பெல்ஃபாஸ்ட், வெக்ஸ்ஃபோர்ட் திசை ரயில்கள் கானலியிலிருந்தும் புறப்படும். தவறான நிலையத்துக்குப் போய்விட்டால் லுவாஸ் டிராமின் சிவப்புப் பாதை இரண்டையும் இணைக்கிறது. கால் மணி நேரமாவது ஆகும்.

கால்வேயிலிருந்து 350 எண் பேருந்து, பர்ரென் சுண்ணாம்புக்கல் நிலத்தையும் கடற்கரையையும் ஒட்டி டூலின் வழியாக மோஹருக்குச் செல்கிறது. ஏறத்தாழ இரண்டு மணி நேரம். வழிநெடுகக் காட்சிகளே என்பதால் கடல் பக்க இருக்கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். பேருந்தில் வருபவர்களுக்கு நுழைவுச்சீட்டு தனி. இணையத்தில் காலை முதல் நேரத்துக்கோ மாலை நேரத்துக்கோ எடுத்தால் விலை குறையும். வேலியைத் தாண்டிப் படம் எடுக்கப் போகாதீர்கள். ஆட்கள் விழுந்து இறந்திருக்கிறார்கள். மையத்துக்கு வெளியே நீளும் கடலோர நடைப்பாதையின் சில பகுதிகள் 2024-இல் பாதுகாப்புக்காக மூடப்பட்டன. அறிவிப்பைப் பார்த்துவிட்டே அதில் இறங்குங்கள்.

அரான் தீவுகளில் பெரியதான இனிஷ் மோருக்கு, கால்வேயிலிருந்து அரை நாளில் போய்விடலாம் என்று எண்ணாதீர்கள். படகு கால்வேயிலிருந்தே கிளம்பும் என்றுதான் நானும் முதலில் நினைத்தேன். ஆண்டு முழுவதும் ஓடும் படகு, நகரிலிருந்து ஒரு மணி நேரப் பேருந்துப் பயணத்தில் உள்ள ராசவீல் துறையிலிருந்து புறப்படுகிறது. பேருந்துக்கும் படகுக்கும் சேர்த்து ஒரே சீட்டாகப் பதிவு செய்தீர்களா என்பதைச் சரிபாருங்கள். படகில் நாற்பது நிமிடம். அலை அதிகமாக இருந்தால் குமட்டும், மாத்திரையை ஏறுவதற்கு முன்பே போட்டுக்கொள்ளுங்கள். தீவில் மிதிவண்டி வாடகைக்குக் கிடைக்கும். டூன் ஏங்கஸ் கல்கோட்டையின் விளிம்பில் தடுப்பு எதுவும் இல்லை, குழந்தைகளின் கையை விடாதீர்கள்.

அரான் தீவுகளிலும் ராசவீல் பகுதியிலும் ஐரிஷ் மொழி வழங்குகிறது. சாலைப் பலகைகளில் ஊர்ப்பெயர்கள் ஐரிஷில் மட்டும் இருக்கும்; ஆங்கிலப் பெயரை மட்டும் தெரிந்துவைத்திருப்பவர்கள் இறங்கவேண்டிய ஊரைக் கோட்டைவிடுவார்கள். இரண்டு பெயர்களையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். டப்ளின் பேருந்துகளில் ‘அன் லார்’ என்று எழுதியிருந்தால் அது ஓர் ஊரல்ல, நகர மையம் என்று பொருள். நான் அதை ஒரு புறநகர் என்றே மூன்று வாரம் நம்பியிருந்தேன்.

7. கார் வாடகைக்கு எடுப்பதானால்

சாலி கேப் மலைச்சாலை, டே ஏரி, கானமாராவின் உட்பகுதிகள் போன்றவற்றுக்குப் பேருந்து கிடையாது அல்லது பெயரளவில்தான் உண்டு, கார்தான் வழி. நம் ஊரைப் போலவே இடப்பக்கம் ஓட்டுவது பெரிய ஆறுதல். பார்வையாளராக வந்திருப்பவர், செல்லுபடியாகும் தம் நாட்டு உரிமத்தை வைத்து 12 மாதம் வரை ஓட்டலாம். இங்கேயே குடியேறி வாழ்பவருக்கு நிலைமை வேறு: இந்திய உரிமத்தை இங்கு மாற்றித்தர மாட்டார்கள், எழுத்துத் தேர்வு, பயிற்சி வகுப்புகள், ஓட்டுநர் தேர்வு என்று முதலிலிருந்து வரவேண்டும். ஊரிலிருந்து கிளம்பும் முன், உங்கள் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் 1,000 ரூபாய் செலுத்திப் பன்னாட்டு ஓட்டுநர் அனுமதியையும் வாங்கி வந்தால் வாடகை நிறுவனத்தில் கேள்விகள் குறையும்.

என்னை ஒரு நிறுவனத்தின் மேசையில் திருப்பி அனுப்பியது உரிமம் அல்ல, அட்டை. ஓட்டுநரின் பெயரிலேயே உள்ள கிரெடிட் கார்டு வேண்டும் என்றார்கள். என்னிடம் இருந்தது டெபிட் கார்டு. முன்பணம் கட்டிய வாடகையில் பாதிதான் திரும்பி வந்தது. வண்டி சேதமானால் காப்பீடு போக நாம் ஏற்கவேண்டிய தொகை ஆயிரம் யூரோவுக்கு மேல் இருக்கும், அந்தத் தொகையை அட்டையில் முடக்கி வைப்பார்கள். ஆகவே பதிவு செய்யும் முன் மூன்றைக் கேளுங்கள்: என் அட்டை செல்லுமா, என் வயதுக்குக் கூடுதல் கட்டணம் உண்டா, வண்டி ஆட்டோமேட்டிக்கா. கியர் வண்டியே இங்கு வழக்கம். ஆட்டோமேட்டிக் விலை கூடுதல்.

டப்ளினைச் சுற்றும் எம்50 நெடுஞ்சாலையில் சுங்கச்சாவடி கிடையாது, கேமரா எண்பலகையைப் படித்துக்கொள்ளும். சுங்கக் கட்டணத்தை மறுநாள் இரவு எட்டு மணிக்குள் இணையத்திலோ கடைகளிலோ கட்டிவிட வேண்டும். தவறினால் அபராதம் வாடகை நிறுவனத்துக்குப் போய், அவர்களுடைய கட்டணத்தோடு சேர்ந்து உங்களிடம் வரும். வாடகையில் சுங்கக் கட்டணம் அடங்குகிறதா என்று வண்டி எடுக்கும்போதே கேட்டுவிடுங்கள். 2025 பிப்ரவரி முதல் கிராமப்புறச் சிறுசாலைகளில் பொது வேக வரம்பு 80-லிருந்து 60 கிலோமீட்டராகக் குறைக்கப்பட்டிருக்கிறது. அந்தச் சாலைகளில் இருபுறமும் வேலிச்செடிகள் நெருக்கும். வளைவுக்கு அப்பால் டிராக்டரோ ஆட்டுமந்தையோ நிற்கும். வரைபடம் காட்டும் பயண நேரத்தோடு மூன்றில் ஒரு பங்கைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

8. பையில் என்ன இருக்க வேண்டும்

குடையை வீட்டிலேயே வைத்துவிடுங்கள், காற்று அதை முறித்துவிடும். தலைமூடி உள்ள மழைக்கோட்டு, நீர் புகாத காலணி, மாற்றுக் காலுறை, சார்ஜ் நிறைந்த பவர் பேங்க், சிறு டார்ச் விளக்கு ஆகியவை போதும். மெட் ஏரன் என்னும் வானிலைத் துறை மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று எச்சரிக்கை விடுக்கும். மஞ்சளில் கடலோர முகடுகளைத் தவிருங்கள். ஆரஞ்சு என்றால் பயணத்தையே தள்ளிப்போடுங்கள்.

சைவம் உண்பவர்கள் ஒருவேளை உணவையாவது கட்டிக்கொண்டு போவது நல்லது. சிற்றூர்களில் கிடைக்கும் காய்கறி சூப்பில் கோழிச்சாறு கலந்திருக்கக்கூடும், கேட்டுவிட்டு வாங்குங்கள். உணவகங்களின் அடுக்களை பிற்பகலில் மூடியிருக்கவும் கூடும். எலுமிச்சைச் சோறு குளிரில் விறைத்துவிடும், புளியோதரை தாங்கும். அட்டை எங்கும் செல்லும் என்றாலும், இருபது யூரோ ரொக்கம் இருக்கட்டும்.

வயல்வெளிகளில் நடக்கும்போது, இந்நாட்டில் தனியார் நிலத்தின் வழியே நடக்கப் பொது உரிமை கிடையாது என்பதை நினைவில் வையுங்கள். உழவர்கள் அனுமதித்திருப்பதால்தான் பல பாதைகள் திறந்திருக்கின்றன. நீங்கள் திறந்த வாயிற்கதவைத் திரும்பச் சாத்திவிட்டுப் போங்கள். குட்டிபோட்ட ஆடுகளின் அருகே போகாதீர்கள்.

9. கடைசிப் பேருந்தைத் தவறவிட்டுவிட்டால்

முதலில், அது உண்மையிலேயே போய்விட்டதா என்று பாருங்கள். நாட்டுப்புற நிறுத்தங்களில் பேருந்து தானாக நிற்காது. கையை நீட்டிக் காட்டினால்தான் நிற்கும். நிழற்குடைக்குள் உட்கார்ந்து கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களைக் கடந்து பேருந்து போனதை நானே கண்டிருக்கிறேன். உண்மையில் போய்விட்டது என்றால், இருட்டில் சாலையோரமாக அடுத்த ஊருக்கு நடக்கத் தொடங்காதீர்கள். அந்தச் சாலைகளில் நடைபாதையும் விளக்கும் இல்லை. வெளிச்சம் உள்ள விடுதிக்கோ பப்புக்கோ உள்ளே சென்று, உள்ளூர் டாக்ஸி எண்ணைக் கேளுங்கள். டப்ளினில் பயன்படும் டாக்ஸி செயலிகளில் அங்கே வண்டி காட்டாது. டப்ளின் வரை பேசாமல், இரவிலும் அடிக்கடி ரயில் ஓடும் அருகிலுள்ள ஊர் வரை மட்டும் பேசுங்கள். கிளென்டலாக் என்றால் பிரே வரை போதும், அங்கிருந்து டார்ட் ரயில் இரவு பதினொரு மணி தாண்டியும் ஓடும். மலைமேலேயே இருட்டிவிட்டாலோ அடிபட்டுவிட்டாலோ, 112 அல்லது 999 எண்ணை அழைத்து மலை மீட்புக் குழு வேண்டும் என்று கேளுங்கள். அழைப்பு முடிந்ததும் கைப்பேசியில் மற்ற செயலிகளை எல்லாம் மூடிவிட்டு, இருந்த இடத்திலேயே இருங்கள்.